சோழவரம் தந்த விடை

சென்ற ஆண்டு என் தமக்கை மகன் நள்ளிரவிற் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டி, கால் முறிந்து மூன்று திங்கள் படுக்கையிற் கிடந்தான். "வேகம் அவ்வளவு பெரிய குற்றமா, மாமா?" என்று அவன் வினவினான். அதற்கு விடை தேடியபோது நான் அறிந்த வரலாறே இக்கட்டுரை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் பொதுச் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேற் செல்லலாகாது என்பது சட்டம். ஆகவே பந்தய ஆர்வலர் தனிச் சட்டமன்றமுடைய மான் தீவை நாடினர். அத்தீவினர் பந்தயத்திற்காகச் சாலைகளை மூட இசைந்தனர். 1907 மே 28-இல் மோட்டார் சைக்கிள்களுக்கான டூரிஸ்ட் டிராபிப் பந்தயம் அங்கு முதன்முதல் நடைபெற்றது. ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் சார்லி காலியர் சராசரி 38 மைல் வேகத்தில் வென்றார். ஆயினும் அவை மதிலும் வீடும் நெருங்கிய சாலைகளே. இன்றளவும் ஆண்டுதோறும் நடைபெறும் அத்தீவுப் பந்தயங்களில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர்.

நம் தமிழகத்தில் 1953-இல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் விட்டுச்சென்ற அவ்விடத்தை விளையாட்டுக்கு உரியதாக்கினர் கிளப்பினர். மதிலும் வீடும் எதிர்வண்டியும் இல்லாத அப்பாதையில் ஆண்டுதோறும் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சீறிப் பாய்ந்தன. காண மக்கள் திரண்டனர். 1980-களின் இறுதியோடு சோழவரத்தின் காலம் முடிந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் பந்தயத்திற்கென்றே அமைத்த தடம் திறக்கப்பட்டது.

இரயில்வே ஊழியனாகிய எனக்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றவில்லை. பல தடங்களில் அடுத்த நிலையத்தார் 'லைன் கிளியர்' தராமல் எக்ஸ்பிரஸ் புறப்படுவதில்லை. பாதை ஒழிந்திருப்பதாலன்றோ அது அஞ்சாமல் விரைகிறது? வேகம் குற்றமன்று, பிறர் நடமாடும் பாதையில் விடும் வேகமே குற்றம். என் மருமகனுக்கு நான் அளித்த விடை இதுவே.

நமக்கு அணித்தாகக் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் 2003 முதல் ஒரு பந்தயத் தடம் உண்டு. வரும் பந்தயத்திற்கு அவனை அங்கு அழைத்துச் செல்ல வாக்களித்துள்ளேன். பார்வையாளர் வரிசையை விட்டு எழக்கூடாது என்பது தமக்கையின் கட்டளை. அஃது எனக்கும் சேர்த்தே!