தேங்கிய சரக்கின் விலை

தேயிலை வியாபாரத்தில் பழைய சரக்கு என்றாலே நஷ்டம். குன்னூரிலிருந்து வரும் டஸ்ட் மூட்டை ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் வாசம் போய்விடும், நிறம் மட்டும்தான் இறங்கும். பங்காருபேட்டை பஜாரில் அப்பா காலத்திலிருந்து தூள் விற்கும் எங்களுக்கு இது பாலபாடம். சீனாவின் புவேர் தேயிலையில் முப்பது வருஷத்துக் கட்டிக்குப் புதுசைவிடப் பல மடங்கு விலை என்று கேட்டால், யாரோ தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள் என்ற சந்தேகம்தான் எவனுக்கும் முதலில் வரும். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. புவேரின் சரித்திரமே தேங்கிய சரக்கின் சரித்திரம்தான்.

எங்கள் ஊரில் சரக்கு தேங்கியதில்லை. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் வந்தது. 1894-இல் இங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கங்கள் இருந்த மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை போட்டார்கள். அப்போது ஊருக்குப் பெயர் பௌரிங்பேட்டை. வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்த நம் ஜனங்களுக்குப் பாலும் சர்க்கரையும் தாங்குகிற கெட்டி டீ வேண்டும், அதுவும் ஷிப்டுக்கு முன்னால் சட்டென்று வேண்டும். 2001 பிப்ரவரியில் மைன்ஸ் மூடிய பிறகு அதே ஜனங்கள் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். டீ மட்டும் மாறவில்லை. தூள் பழசாவதற்கு நாங்கள் அவகாசமே கொடுத்ததில்லை.

புவேர் விளையும் சீனாவின் யுன்னான் மலைகளில் நிலைமை வேறு. இலையை இரும்புச் சட்டியில் லேசாக வாட்டி, கையால் உருட்டி, வெயிலில் காயவைப்பார்கள். எங்கள் டஸ்ட்டைப் போலக் கடும் சூட்டில் உலர்த்தி முடித்துவிடாததால், இலைக்குள் மாற்றம் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆவியில் இளக்கி 357 கிராம் வட்டக் கட்டியாக அழுத்துவார்கள். ஏழு கட்டியை மூங்கில் மட்டையில் சுற்றினால் ஒரு கட்டு. அழுத்தியது ருசிக்காக அல்ல, கோவேறு கழுதை முதுகில் திபெத் வரை ஏற்றிப்போக. போய்ச் சேர மாதங்கள் ஆகும். வழியில் மழையும் வெயிலும் பட்டு இலை கறுக்கும்.

ஹாங்காங் டீக்கடைகளில் அந்நாளில் புவேர் மலிவுச் சரக்கு, பலகாரத்தோடு குடிக்கிற சாதாரண டீ. புதுக்கட்டி துவர்த்துக் கசக்கும் என்பதால் ஈரப்பதமுள்ள கிடங்குகளில் வருஷக்கணக்கில் போட்டுவைத்தார்கள். துவர்ப்பு அடங்கிற்று. அந்த மெதுவான வேலையை அவசரமாக முடிக்க, 1973-இல் குன்மிங் ஆலையில் இலையைக் குவித்து, நீர் தெளித்து, வாரக்கணக்கில் புழுங்கவைக்கும் முறை வந்தது. கட்டியின் மேல் 7542 என்று எண் இருந்தால் ஏமாந்துவிடக் கூடாது. 75 என்பது கலவை உருவான வருஷம், 4 இலையின் தரம், 2 மெங்ஹாய் ஆலை. கட்டி போன வருஷம் செய்ததாகவும் இருக்கலாம்.

1997-இல் ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறுவதற்கு முந்தைய வருஷங்களில், பழைய டீக்கடைகளின் கிடங்குகள் காலியாயின. தைவான்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தைவானின் தெங் ஷிஹாய் 1995-இல் எழுதிய புத்தகம் பழைய கட்டிகளை அடையாளம் சொல்லிப் புகழ்ந்தது. மலிவுச் சரக்குக்கு வம்சாவளி கிடைத்தது, விலை ஏறிற்று. 2007-இல் அந்தச் சந்தை சரிந்தபோது, குடிக்க வாங்கியவனுக்கு டீயாவது மிஞ்சியது.

இந்தியாவிலும் தேயிலையை அழுத்திப் பழுக்கவைக்கும் பழக்கம் உண்டு. அசாமின் மார்கரீட்டா பக்கம் வாழும் சிங்போ மக்களின் ‘ஃபாலாப்’ அது. வாட்டி உருட்டிய இலையை வெயிலில் காயவைத்து, மூங்கில் குழாயில் கெட்டியாக இடித்து நிரப்பி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். வருஷங்கள் கழித்துக் குழாயைப் பிளந்து, கட்டையான தேயிலையைச் சீவிப் போடுவார்கள். 1823-இல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் புரூஸுக்கு அசாமின் தேயிலைச் செடியைக் காட்டியவர் சிங்போ தலைவர் பீசா காம். 1839 ஜனவரியில் அசாம் தேயிலை எட்டுப் பெட்டி லண்டனில் ஏலம் போயிற்று. அதன் பிறகு தோட்டங்கள் பெருகின, சிங்போக்களின் நிலம் சுருங்கியது. ராணுவத்தில் இருக்கும் எங்கள் தெருப் பையன் ஒரு குழாய் கொண்டுவந்தான். பால் விடாமல் போட்டேன். பொன்னிறம், மெல்லிய புகைவாசம், குடித்த பின் தொண்டையில் இனிப்பு.

புவேரிலும் தொண்டையைத்தான் நம்ப வேண்டும். முதல் வெந்நீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, இரண்டாவதைப் பாருங்கள். கருஞ்சிவப்பாக இருந்தாலும் தெளிவாக இருக்க வேண்டும். பழைய மரப்பெட்டி வாசமும் கற்பூர வாசமும் நல்லது, பூஞ்சைக் காளான் நெடி ஆகாது. ஊறிய இலையை விரலால் பிரித்தால் மிருதுவாக விரிய வேண்டும். கரிக்கட்டை போல விறைத்திருந்தால் கிடங்கிலேயே கெட்டது. நம் வீடுகளில் பழம்புளிக்கு உள்ள கணக்குத்தான் இதற்கும்: ஜாடி சரியில்லையென்றால் வருஷம் ஏற ஏறப் புழுதான் ஏறும். எங்கள் ஊரின் வறண்ட காற்றில் கட்டி கெடாது, ஆனால் பழுக்கவும் வெகுகாலம் பிடிக்கும்.

ஆகவே முப்பது வருஷம் என்று சொல்லி விற்பவனிடம், அந்த முப்பது வருஷமும் அது எந்த ஊரில், யார் கிடங்கில் கிடந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாதவனுக்குப் புதுச் சரக்கின் விலைக்கு மேல் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை.