சித்தியர்: பெயரும் எல்லையும்

இந்தியாவில் வாழும் ஆப்பிரிக்க வழியினரைச் சுட்டும் ‘சித்தி’ என்னும் பெயர், ‘என் தலைவர்’ எனப் பொருள்படும் ‘சையிதி’ என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். பேறு என்னும் பொருளில் தமிழில் வழங்கும் சித்தியோடு இதற்கு உறவில்லை. தக்காண வரலாற்றில் இது பெரும்பாலும் மதிப்புப் பெயராகவே காணப்படுகின்றது. எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர் அகமதுநகர் அரசின் ஆட்சியைத் தம் கையில் கொண்டிருந்து 1626இல் மறைந்தார். சஞ்சிராச் சித்தியரின் ஆட்சி 1948 வரை நீடித்தது.

வரலாற்று நூல்கள் விரும்பி எடுத்துக்காட்டும் இப்பெருமக்களுக்கும் இன்றைய சித்தியருள் பெரும்பாலோர்க்கும் உள்ள தொடர்பு பெயரளவினதே. வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், அளியாள் காடுகளில் வாழ்வோருள் பலர், போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து தப்பியோடிய அடிமைகளின் வழியினர் எனக் கருதப்படுகின்றனர். இவர்களுள் இந்துக்களும் கிறித்தவரும் இசுலாமியரும் உளர். வீட்டுமொழி கொங்கணி, அதுவும் அயலாரோடு பகிர்ந்து கொண்ட மொழியே. ஆகவே மதமோ மொழியோ இவர்களைத் தனியினமாகப் பிரித்துக் காட்டுவதில்லை. ‘ஹிரியரு’ எனப்படும் முன்னோர் வழிபாடும் தமாம் முழவோடு ஆடும் ஆட்டமுமே மதம் கடந்த பிணைப்புகளாக நிற்கின்றன.

இப்பிணைப்பை அரசு ஏற்ற முறை கருதத்தக்கது. 2003இல் கர்நாடகப் பழங்குடியினர் பட்டியலில் சித்தியர் சேர்க்கப்பட்டபோது, வட கன்னட மாவட்டத்தினர் மட்டுமே இடம்பெற்றனர். ஒரே காட்டுத் தொடர்ச்சியில் வாழ்ந்தும், தார்வாடு, பெளகாவி மாவட்டச் சித்தியர் சட்டத்தின் முன் பழங்குடியினர் அல்லர். எல்லையின் இருபுறமும் வாழ்ந்த அண்ணன் தம்பியருள் ஒருவர் பழங்குடியினர், மற்றவர் அல்லர் என்னும் நிலை இதனால் எழக்கூடியதாயிற்று.

இது சான்றிதழ் அளவில் நிற்கும் சிக்கலன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 13.12.2005க்கு முன்பே நிலத்தைத் தம் வசம் வைத்திருந்தமையைக் காட்டினால் போதும். பிறரோ மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டுகள், காட்டை நம்பி அங்கு வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். எவர் கண்ணிலும் படாமல் வாழ்வதற்கென்றே காடு புகுந்தோரின் வழியினரிடம் இத்தகைய சான்றினை எதிர்பார்ப்பது முரணே. இரு மாவட்டத்தாரும் பட்டியலில் இடம்பெற 2020ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

குசராத்திலும் இவ்வகை வரையறை உண்டு. அங்குப் பட்டியல் சித்தியரைச் சௌராட்டிர மாவட்டங்களைக் கொண்டே அடையாளங்காணுகின்றது. ஆனால் குசராத்துச் சித்தியர் தம் முன்னோராகப் போற்றும் பாவா கோரின் அடக்கத்தலம், அவ்வெல்லைக்கு வெளியே, பரூச்சு மாவட்டத்து இரத்தன்பூர்க் குன்றின்மேல் உள்ளது.