கஞ்சி குடித்த கடல்

வேட்டிக்குக் கஞ்சியிட்டு விறைப்பேற்றத் தெரிந்த நமக்கு, அக்கஞ்சியே ஒருநாள் கடலைக் குடிக்கப் புறப்பட்ட கதை வியப்பளிக்கக் கூடும்.

1938ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டம், விற்காமல் தேங்கிய விளைபொருள்களுக்குப் புதுப்பயன் தேட நான்கு ஆய்வகங்களை நிறுவப் பணித்தது. அவற்றுள் ஒன்று இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் அமைந்தது. 1940களில் பென்சிலினைப் பெருமளவில் ஆக்க வழிகண்டமையால் அதனை நாம் அறிவோம். மக்காச்சோளத்திற்காக அது ஆற்றிய பணியை நம்மில் பலரும் அறியோம்.

குளுக்கோஸ் அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலியே மாவுச்சத்து. இயற்கையே செய்து தந்த பாலிமர். மேரி ஒல்லிடீன் வீவர், எட்வர்ட் பேக்லி, ஜார்ஜ் ஃபான்டா, வில்லியம் டோன் ஆகிய நால்வர், மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதுபோல அதன்மீது வேறொரு சங்கிலியை ஒட்டினர். சீரியம் உப்பு மாவுச்சத்தில் வினைமுனைகளைத் திறக்க, அங்கிருந்து அக்ரிலோநைட்ரைல் கிளைகள் வளர்ந்தன. பின்னர்க் காரக்கரைசலில் சூடாக்க, கலவை செந்நிறம் கொண்டு, அம்மோனியாவை வெளிவிட்டு, மெல்ல வெளிர்மஞ்சளாயிற்று. இப்போது கிளைகளில் எதிர்மின்னேற்றத் தொகுதிகள் நெருங்கி நின்றன. அவை ஒன்றையொன்று விலக்கச் சங்கிலி விரிந்தது. விரிந்த இடத்தில் நீர் புகுந்தது. உலர்ந்த அப்பொருள் தன் எடையைப்போல் பலநூறு மடங்கு தூயநீரை ஏற்றுக் கூழாகத் தாங்கி நின்றது. உப்புநீரில் மட்டும் அவ்வாற்றல் வெகுவாகக் குறைந்தது. ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ எனப் பெயர்பெற்ற அதற்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது.

விதைகளுக்குப் பூச, நாற்றின் வேரை நனைக்க, எரிபொருளில் கலந்த நீரைப் பிரிக்க என்று பயன்கள் பெருகின. ஆனால் பெருஞ்சந்தையாக வளர்ந்தது குழந்தைகளின் டயாபர். 1980களில் அத்தொழில், பெட்ரோலியத்திலிருந்தே முழுவதும் ஆக்கப்பெறும் பாலிஅக்ரிலேட்டைத் தேர்ந்தது. மாவுச்சத்து காட்டிய குணத்தை எடுத்துக்கொண்டு, மாவுச்சத்தை விட்டுவிட்டது. தேங்கிய சோளம் கரையும் என்னும் கனவும் அத்தோடு சுருங்கியது.

இன்னொன்றையும் நாம் மறைத்தலாகாது. மண்ணின் நுண்ணுயிர்கள் மாவுச்சத்துப் பகுதியை எளிதில் உண்ணும். ஒட்டிய கிளையோ எளிதில் அழிவதில்லை. ஆகவே ‘தாவரப்பொருள்’ என்னும் பெயர் ஒன்றே அதற்கு நற்சான்று ஆகாது.

மாவுச்சத்தை அடிப்படையாகக் கொண்ட நீருறிஞ்சும் குருணைகள், வேரடியில் ஈரங்காக்க இன்றும் விற்பனையாகின்றன. தானியத்தை விற்பவருக்காகத் தொடங்கிய ஆய்வின் பயன், இறுதியில் விலைகொடுத்து வாங்குபவராகவே உழவரைத் தேடி வந்திருக்கிறது. கண்டுபிடிப்பின் வரலாற்றை எழுதும்போது, அது யாருக்காகத் தொடங்கியது என்பதையும் நாம் எழுதி வைக்க வேண்டும்.