கயிற்றின் மறுமுனை

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் ஜோடியா நடக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. பேசிக்கிட்டே நடந்தாலும் அவங்க கால்கள் ஒத்துப்போறதில்லை. 1500 மீட்டர், அதாவது மைதானத்தை மூணே முக்கால் சுற்று, இன்னொருத்தர் கையோட கை கோத்துக் கட்டிக்கிட்டு ஓடுறதை யோசிச்சுப் பாருங்க. ரக்ஷிதா ராஜு அப்படித்தான் ஓடுகிறார்.

கர்நாடகத்தின் சிக்கமகளூரு பக்கத்துக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. சிறு வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். வளர்த்தது பாட்டி, அவருக்குக் காது கேட்காது, பேசவும் வராது. அந்த வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள்? தொட்டுத்தான் இருக்கணும்னு நினைக்கிறேன்.

அவர் ஓடும் டி11 பிரிவில் எல்லாரும் கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. முடிவுக் கோட்டை வீராங்கனைதான் முதலில் தாண்டணும். கட்டிய கைகள் ஒன்றாக வீசுவதற்காக, வழிகாட்டி கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிர்க்காலை எடுத்துவைத்து ஓடுவார். சிக்கல் என்னன்னா, இவர் வேகம் கூடக் கூட, இன்னும் வேகமான துணை வேணும். நல்லா ஓடக்கூடிய ஒருத்தர் தன் சொந்தப் பந்தயத்தை ஒதுக்கிவிட்டு வரணும். மைதானம் கிடைப்பதைவிட இது கஷ்டம், என்னைக் கேட்டா.

2018 ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டில் 1500 மீட்டர் தங்கம். 2023-ல் ஹாங்சோவில் மறுபடியும் தங்கம். 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக். அங்கே முதல் சுற்றோடு சரி. ஆசியாவில் ஜெயித்த வேகம் அங்கே போதலை. அதைக் கூட்டணும்னா கயிற்றின் இரண்டு முனையிலும் கூட்டணும்.