குடவோலையும் கணினிக் கவறும்

கவறு தமிழில் மிகப் பழைய சொல். சூதினைக் கடிந்த 94ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் அதனை ஆள்கிறார். கீழடி அகழாய்வில் தந்தத்தாற் செய்த பகடை கிடைத்துள்ளது. அப்பகடை இன்று உருவம் துறந்து கணினித் திரையில் உருள்கிறது. பொத்தானைத் தொட்டால் ஒன்று முதல் ஆறு வரையில் ஓர் எண் தோன்றும். தாயக்கட்டை இல்லாத வீட்டில் விளையாடவும், வகுப்பில் யார் முதலிற் கட்டுரை வாசிப்பது எனத் தீர்மானிக்கவும் அது போதும். ஆனால் கையால் உருட்டிய காயை நாம் கண்ணாற் கண்டோம். திரையில் உருட்டுவது எவர் கை?

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்கு விடை கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சபையார் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் அக்குடத்தை எல்லோரும் காண எடுத்து நிற்பார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். பின்னர் நம்பிமார் அனைவரும் அதனையே வாசிப்பர்.

விரல்களை விரிக்கச் சொன்னது ஏன்? மடக்கிய விரலிடையே மாற்று ஓலை மறைந்திருக்கலாம் அன்றோ! தற்செயலை நம்பிய ஊரார், அதனைக் கையாளும் மனிதரை அப்படியே நம்பிவிடவில்லை.

கணினிக்கோ விரல்கள் இல்லை. இட்ட கட்டளையை மட்டுமே செய்யும் கருவி தானாகத் தற்செயலைப் படைக்க இயலாது. 1940களில் ஜான் வான் நியூமன் ஒரு வழி கண்டார்: ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, விடையின் நடு இலக்கங்களை எடுத்து, அவற்றை மீண்டும் பெருக்குவது. வரிசை தாறுமாறாகத் தோன்றும். எனினும் தொடக்க எண்ணை அறிந்தவன் எல்லாவற்றையும் அறிவான். இதனாலேயே 1957இல் பிரிட்டனில் சேமிப்புப் பத்திரங்களுக்குப் பரிசு தேர்ந்த எர்னி என்னும் பொறி, நியான் குழாய்களில் எழும் மின்னிரைச்சலை நாடியது. 1998இல் அயர்லாந்தின் டப்ளினில் தொடங்கிய ரேண்டம்.ஆர்க் என்னும் தளம், வளிமண்டல இரைச்சலிலிருந்து எண்களை வடித்துத் தந்தது.

1999இல் நிகழ்ந்தது இவ்விடத்து நினைக்கத்தக்கது. இணையச் சீட்டாட்ட மென்பொருள் நிறுவனம் ஒன்று, தன் நேர்மையைக் காட்டுவதற்காகச் சீட்டுக் குலைக்கும் நிரலை வெளியிட்டது. 52 சீட்டுகளை அடுக்கும் வகைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. அந்நிரலோ நள்ளிரவு முதல் கடந்த மில்லிநொடிகளையே தொடக்க எண்ணாகக் கொண்டது. அவை ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மட்டுமே. நிரலைப் படித்த வல்லுநர் சிலர், தம் கடிகாரத்தை ஆட்டக் கணினியின் நேரத்தோடு பொருத்தி, எதிராளியின் சீட்டுகளைக் கண்டறிய முடியும் என்று மெய்ப்பித்தனர். நிரலை வெளியிட்டதால்தான் பிழை வெளிப்பட்டது. மறைத்திருந்தால் அதனைக் கண்டுகொண்ட சூதாடி ஒருவன் ஓசையின்றிப் பொருள் குவித்திருப்பான்.

தாயமும் சீட்டும் விளையாட்டு. தோற்றாலும் எழுந்து போகலாம். ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ், தனியார் பள்ளிகளில் இடங்களை விட விண்ணப்பங்கள் மிகும்போது குலுக்கலே குழந்தைகளைத் தேர்ந்து வந்துள்ளது. பெற்றோர் கண்முன்னே சீட்டை எடுத்தால், இடம் கிடைக்காத தாயும் மனம் ஆறுவாள். அதையே மூடிய அறையின் கணினி செய்தால், எவ்வளவு நேர்மையாகச் செய்திருப்பினும், அவள் ஐயம் தீராது.

கருவி மாறுவதில் நமக்கு வருத்தமில்லை. நிரல் எது, தொடக்க எண் எங்கிருந்து வந்தது, அதனைச் சரிபார்த்தவர் யார் என்னும் மூன்றையும் ஊரறியச் சொல்லட்டும். கணினி விரல் விரித்துக் காட்டுவது அவ்வாறுதான்.