மயிரும் மற்றவர் கையும்

தமிழில் 'இயற்கையான முடி' பற்றி நடந்த மிகப் பழைய தகராறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு பெண்ணின் கூந்தல் மணத்தைப் பேசுகிறது. திருவிளையாடற் புராணம் அதைச் சுற்றி ஒரு வழக்கையே கட்டியது. கூந்தலுக்கு இயல்பிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம் வருகிறது. இறைவன் பாட்டெழுதிக் கொடுக்கிறான், தருமி கொண்டுபோகிறான், நக்கீரர் மறுக்கிறார், நெற்றிக்கண் திறக்கிறது. அரசன், புலவன், கடவுள் என மூன்று அதிகாரங்கள் மோதுகின்றன. யாருடைய கூந்தலோ அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, அகிற்புகை காட்டிய வேலைக்காரிகளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நொடியில் வழக்கு முடிந்திருக்கும்.

எனக்குச் சுருட்டை முடி. செங்கல்பட்டில் வளர்ந்த காலத்தில் அதற்குக் கிடைத்த பெயர்கள் பரட்டை, குருவிக்கூடு. 'ஏண்டி, தலைய சீவிட்டு வரமாட்டியா?' என்பார்கள். சீவிவிட்டுத்தான் போயிருப்பேன். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துப் போக்கிரிக்குப் பெயரே பரட்டை. கலைந்த தலையைக் கலைந்த நடத்தையாக வாசிப்பது ஊரின் பழக்கம். பிறகு வேலைக்குப் போன ஒரு தனியார் அலுவலகத்தில் 'கொஞ்சம் நீட்டா வாங்க' என்றார்கள். நீட் என்றால் நேர் முடி என்று அர்த்தம். சில வருஷம் ரசாயனம் போட்டு நேராக்கிக்கொண்டேன். மயிரிலுள்ள கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, இழுத்து நேராக்கி, மறுபடி பிணைக்கிற வேலை அது. மயிர்க்காலின் வளைவு மாறுவதில்லை. மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டராக அடியிலிருந்து சுருட்டையே முளைக்கும். மறுபடி காசு, மறுபடி ரசாயனம். ஏழு வருஷத்துக்கு முன் நிறுத்திவிட்டு, வருவதை வரட்டும் என்று வளர்க்கத் தொடங்கினேன்.

'சும்மா விட்டால் இயற்கை' என்கிற பேச்சு உதவாது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் சுருட்டையின் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்காததால் அது சீக்கிரம் வறண்டு சிக்காகிவிடும். மாமல்லபுரம் பக்கம் போனால் ஈரக்காற்றில் தலை உப்பி நிற்கும். தேங்காயெண்ணெய், அகலப்பல் சீப்பு, நுனியில் தொடங்கி மேலேறிச் சிக்கெடுக்கும் பொறுமை, ஞாயிற்றுக்கிழமையின் பாதி, பின்மண்டைக்கு இன்னொருத்தர் கை எல்லாம் வேணும். இயற்கை முடி என்பதும் ஓர் உழைப்புதான்.

இந்த நாட்களில் கறுப்பினப் பெண்களின் முடி வரலாற்றைப் படித்தேன். 1786இல் ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்தபான் மீரோ, அடிமையல்லாத கறுப்பு, கலப்பினப் பெண்கள் தலையைத் துணியால் கட்டியாக வேண்டும் என்று உத்தரவிட்டார். அவர்கள் அந்தத் துணியையே பகட்டான தலைக்கட்டாக மாற்றினார்கள். 1960களில் ஆஃப்ரோ முடி அரசியல் அறிவிப்பாயிற்று. 2019இல்தான் கலிபோர்னியா, முடியின் தன்மையை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. அந்த வரலாறு எனக்குத் தைரியம் கொடுத்தது உண்மை. ஆனால் அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் நம்மூர்த் தலைகள் பிடிபடாது. இங்கே முடியின்மேல் உட்கார்ந்திருப்பது சாதி.

கல்லிலிருந்து தொடங்கலாம். மாமல்லபுரத்தின் பெரும் புடைப்புச் சிற்பத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைச் செதுக்கியிருக்கிறான். அருச்சுனன் என்பார் ஒரு சாரார், பகீரதன் என்பார் மற்றொரு சாரார். பகீரதன் என்றால் கங்கை வந்து இறங்குவதே சிவனின் சடையில்தான். சீவாத முடி தவசிக்குச் சடை, தெய்வத்துக்கு நதி தாங்கும் காடு. அதே சீவாத முடி கூலிக்காரிக்குப் பரட்டை. மயிர் ஒன்றுதான், தலைக்குத் தக்கபடி பெயர் மாறுகிறது.

சற்றுத் தெற்கே திரௌபதி ரதம். பெயர்தான் திரௌபதி, உள்ளே நிற்பது கொற்றவை. அவள் காலடியில் மண்டியிட்ட வீரன் ஒருவன் ஒரு கையால் தன் முடியைப் பற்றி, மறுகையால் வாளைக் கழுத்தில் வைத்திருக்கிறான். தலையைக் கொடுக்க முடிதான் கைப்பிடி. தலைக்குப் பதிலாக முடியைக் கொடுப்பதே மொட்டை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இந்தச் சிற்பத்தைப் பார்த்தவருக்கு அது அதிகப்படியான ஊகமாகத் தோன்றாது.

கொற்றவையின் கோயிலுக்குத் திரௌபதி பெயர் ஒட்டிக்கொண்ட இந்த வட்டாரத்தில்தான் திரௌபதி அம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் வேரூன்றியிருக்கின்றன. சபையில் முடியைப் பிடித்து இழுக்கப்பட்டவள், விரித்த கூந்தலோடு சபதம் செய்கிறாள். படுகளத்தன்று மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து, தொடையைப் பிளந்து, அந்த 'ரத்தம்' தொட்டுக் கூந்தல் முடிவார்கள். பிறகு தீமிதி. முடியாத கூந்தல் இங்கே அலங்கோலம் இல்லை, கணக்குத் தீராத வழக்கு. ஆனால் மரபுக் கூத்தில் அந்த வேஷம் கட்டுவது ஆண், தலையில் டோப்பா. நிஜப் பெண் முடியை விரித்துப்போட்டு வழக்குப் பேசினால் ஊர் அதைக் கூத்தாக எடுத்துக்கொள்ளாது.

அக்கிரகாரத்துக் கைம்பெண்ணுக்கு விரிக்கவும் முடி இல்லை. பிராமணக் குடும்பங்களில் புருஷன் செத்தவளின் தலையை மழித்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே தாலியறுத்தவள் வயசுக்கு வந்ததும் கத்தி வந்தது. வளர வளர மழிக்க வேண்டும். ஆகவே அது ஒருநாள் சடங்கு இல்லை, ஆயுள் தண்டனை. பதினோரு வயதில் மணமாகி விரைவிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி (1886–1969), 1911இல் பட்டம் பெற்று, இளம் கைம்பெண்கள் தங்கிப் படிக்கச் சென்னையில் இல்லம் நடத்தினார். 1950களில் மதுராந்தகத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நலமையம் உருவாக உழைத்தார். பள்ளிக்கூடம் போகிற கைம்பெண் என்ற உருவமே கத்தியின் எல்லைக்கு வெளியே வைத்த ஓர் அடி.

அந்தக் கத்தி யார் கையில் இருந்தது? நாவிதர் கையில். வைத்தியமும், அவர் வீட்டுப் பெண்கள் பிரசவமும் பார்த்த சமூகம் அது. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கியவர்களே தங்கள் வீட்டுப் பெண்ணை மழிக்க அவரைக் கூப்பிட்டார்கள். அதே கை சேரிக்காரர் தலையைத் தொடக்கூடாது என்றும் கட்டளையிட்டார்கள். சில இடங்களில் அந்த வேலையும் புதிரை வண்ணார்மேல் விழுந்தது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பது அதன்படி குற்றம். அதன் பிறகும் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் சலூன்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தீண்டாமைக் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. இங்கேதான் என் 'இயற்கை முடி' நெருக்கடிக்கு உள்ளாகிறது. நான் வளர்ப்பது என் தெரிவு. நாற்காலி மறுக்கப்பட்டவருக்கு வளர்ந்தது தெரிவா?

மறுத்த ஊரே பிறகு கத்தரிக்கவும் வருகிறது. 'புள்ளிங்கோ' வெட்டு என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்துக்கே முடிதிருத்துபவரை வரவழைத்துப் பையன்கள் தலையை ஒட்ட வெட்டியது சமீப ஆண்டுகளில் ஒழுக்கச் செய்தியாக வந்தது. குப்பத்திலும் காலனியிலும் பரவலான ஒரு வெட்டுக்குத்தான் 'ரவுடித் தலை' என்று பெயர். வேலையிலிருந்து என்னைக் கேட்ட அதே 'நீட்', அவர்களிடம் கத்தரிக்கோலோடு போகிறது.

வேறு விதமான மழிப்பும் இதே கரையில் உண்டு. மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாளைக் கும்பிடுகிறார்கள். கல்யாணம் நடக்கிறது, காது குத்துகிறார்கள், குழந்தைக்கு முதல் முடி இறக்குகிறார்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை 2021இல் அரசு ரத்துசெய்தது, ஆனால் காணிக்கை முடி ஏலத்துக்குப் போகிறது. அலையோரத்தில் விழும் அந்தக் குழந்தையின் முடி எந்த ஏலக் கணக்கிலும் ஏறாது. தன் ஜனம் சூழ, அம்மா மடியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே மழிக்கப்படுகிற தலை அது. அதில் அவமானம் ஏதுமில்லை.

மழிப்பது அடிமைத்தனம், வளர்ப்பது விடுதலை என்று எழுதிவிடுவது சுலபம். இந்தக் கரையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. வளர்த்த தலையானாலும் மழித்த தலையானாலும், அதைத் தொட்ட கை யாருடையது, யார் சொல்லி வந்தது, யாருக்கு வராமல் போனது என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. எழுதுகிற, இயக்கத்தில் இருக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது சலூன் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள், யார் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள் என்று பார்த்து, தேதி போட்டு எழுதி வையுங்கள்.