மரத்தடியில் தொடங்கிய வகுப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலூர் – குடியாத்தம் சாலையில் வாரம் ஒருநாள் மரத்தடிகளில் கூட்டம் கூடும். கண்ணில் பீளை வழியும் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், காலில் ஆறாத புண்ணோடு ஒரு கூலியாள், ஊர் ஒதுக்கிவைத்த தொழுநோயாளி என எல்லாரும் டாக்டர் ஐடா ஸ்கடருக்காகக் காத்திருப்பார்கள். ஆரம்பத்தில் மாட்டு வண்டி, பிறகு ஒரு பியூஜோ கார். மருந்துப் பெட்டி திறந்ததும் அந்த நிழலே ஆஸ்பத்திரி ஆகிவிடும். பொது சுகாதாரம் என்பதைக் கல்லூரிப் பாடமாக வேலூர் கற்றுக்கொண்டது இந்தச் சாலையில்தான்.

ஐடா மருத்துவரானதற்கே ஓர் இரவு காரணம். திண்டிவனத்தில் அவருடைய தந்தை மருத்துவராக இருந்தார். அன்றிரவு மூன்று வீடுகளிலிருந்து, பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைக் காப்பாற்ற இளம்பெண்ணான ஐடாவை வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஆண் மருத்துவரை உள்ளே விட மூன்று குடும்பங்களுமே சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா சென்ற ஐடா 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மறு ஆண்டே வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

கட்டில்கள் நிரம்பின. ஆனால், வேலூர் வரை வர முடியாதவர்கள் கிராமங்களிலேயே கிடந்தார்கள். ஒரு டாக்டரால் எத்தனை ஊருக்குப் போக முடியும்? 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். மாணவிகளும் சாலையோர மருத்துவத்துக்குச் சென்றார்கள். அந்தப் பள்ளி 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது, 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

கிராமங்களுக்கு மருத்துவம் எப்படிப் போய்ச்சேரும் என்ற கேள்வி இதே காலத்தில் நாடு முழுவதும் எழுந்தது. பொது சுகாதாரப் படிப்புக்கென்றே கல்கத்தாவில் 1932இல் அகில இந்திய நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பவராக மட்டும் இல்லாமல், சமூகத்தை அறிந்த மருத்துவரையும் கல்லூரிகள் உருவாக்க வேண்டும் என்று 1946இல் அரசு அமைத்த ‘போர்’ (Bhore) குழு பரிந்துரைத்தது. மருத்துவக் கல்லூரிகளில் ‘சமூக மருத்துவம்’ தனித் துறையாக வேரூன்ற அது வழிவகுத்தது.

பல மாணவர்களுக்கு அந்தத் துறை பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பாடமாகவே நின்றுவிட்டது. வேலூர்க் கல்லூரியில் அப்படி நிற்கவில்லை. முதலாண்டு மாணவர்கள் கிராமத்திலேயே சில வாரங்கள் தங்கி, வீடு வீடாகப் போகிறார்கள். எத்தனை பேர், என்ன வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசிப் பிரசவம் எங்கே நடந்தது என்று கேட்டு எழுதுகிறார்கள். வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைக்கு வார்டில் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்து அனுப்பிவிடலாம். அது திரும்பவும் அதே குடத்துத் தண்ணீரைத்தானே குடிக்கப்போகிறது? அந்தக் குடத்தைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு இது சட்டென்று புரியும்.

இதே கல்லூரி 1977இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் தொடங்கிய ‘ருஷா’ என்ற கிராமத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியையும் வருமானத்துக்கான வழிகளையும் சேர்த்தது. பசியும் கடனும் உள்ள வீட்டில் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

கணியம்பாடி வட்டாரத்தில் கல்லூரியின் இன்னொரு பணி பல ஆண்டுகளாகப் பொறுமையாக நடந்தது. அந்தந்த ஊர்ப் பெண்ணே சுகாதாரப் பணியாளராக இருந்து, கர்ப்பம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் சொல்வார். செவிலியரும் மருத்துவரும் அதைச் சரிபார்த்துப் பதிவு செய்வார்கள். கிராமத்து இளம்பெண்களின் தற்கொலை மரணங்கள் எவ்வளவு அதிகம் என்பதை 2004இல் ‘லான்செட்’ இதழ் வழியே உலகுக்குச் சொன்னவை இந்தப் பதிவுகள்தான். வீட்டுக்குள்ளேயே புதைந்துபோயிருக்க வேண்டிய துயரம் அது. எண்ணிக்கை அதை வெளியே கொண்டுவந்தது.

இன்று இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேரும் மாணவர்கள் முதலாண்டிலிருந்தே சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் உள்ளது. வெள்ளைக் கோட்டும் நோட்டுப் புத்தகமுமாக ஒரு மாணவி உங்கள் வாசலுக்கும் வரலாம். உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் ஊருக்கு வரப்போகும் டாக்டர் அவராகவும் இருக்கலாம்.